வியாழக்கிழமைத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான் என்றால், சர்ச்சுக்குக் கிளம்புகிறான் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். அவன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகிறான். தொட்டி வீட்டுக்குப் பின்னால் சரிவில் பாதி புதைந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் அங்குலக் கோடு போட்ட ஒரு பலகை. அதை ஒட்டி, மணல் நிரப்பிய பழைய சாஸ் புட்டி ஒன்று கயிற்றில் தொங்கும். கயிற்றின் மறுமுனை தொட்டிக்குள் மிதக்கும் கட்டையில் இருக்கிறது. உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே புட்டி ஏறும். ஹார்லன் குனிந்து பார்த்து, எண்ணை மறக்காமல் முணுமுணுத்துக்கொண்டே வந்து, சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதுவான். ஆறு வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை.

ஜூன் மாதக் கடைசியில் அந்த ஞாயிறன்று, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றான்.

"நோரீன், இங்க வா."

சோளரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்த நோரீனின் கை நின்றது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரே வாரத்துல புட்டி மூணரை அங்குலம் ஏறியிருக்கு. எப்பவும் ஒண்ணே முக்கால்தான். நீ ஏதாவது குழாயைத் திறந்துபோட்டுட்டு மறந்துட்டியா?"

"நான் எதையும் திறந்துபோடல."

"அப்ப எங்கயோ ஒழுகுது." அவன் முகம் சுண்டிப்போயிற்று. "என் தொட்டி ஒழுகுது, நோரீன்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எதையும் திறந்துபோடவில்லை. போன வியாழக்கிழமை திறக்க வேண்டிய ஒன்றைத் திறக்காமல் விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

தாமிரச் சுரங்கத்தில் ஹார்லனுக்கு வேலை போனபோது வயது ஐம்பத்தாறு. இனி எவன் தயவும் வேண்டாம் என்று சொல்லி, அரிசோனாவின் இந்த மூலையில் நாற்பது ஏக்கர் முள்ளும் கல்லும் வாங்கினான். மண் மூட்டைகளை அடுக்கி வீடு கட்டினான். சைக்கிள் மிதித்தால் துணி துவைக்கும் எந்திரம், பழைய டிரக்கின் விசிறியில் செய்த குளிரூட்டி, உடைந்த கண்ணாடிகளை ஒட்டிப் பீன்ஸ் வேகவைக்கும் வெயில் அடுப்பு, பூச்சிமருந்து அடிக்கும் பம்பில் குளிக்கும் ஷவர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எதுவாகவாவது மாற்றினான். அவற்றில் பாதி தானாக வேலை செய்யும். மீதிப் பாதி, நோரீன் வேலை செய்தால் வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய சட்டம் ஒன்று இருந்தது. கூரையில் விழுகிற மழைதான் தண்ணீர். ஒரு வாளிகூட டவுனிலிருந்து வரக்கூடாது.

"தண்ணி வாங்கிக் குடிச்சா இது வீடில்ல, கூடாரம்" என்பான். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வான். கேட்காதவனிடமும் சொல்வான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குளிர்கால மழை பொய்த்தது. மே மாதம் பிறந்ததும் அவன் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை தொட்டியைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான். குளிப்பதை நிறுத்தினான். அரைக் கோப்பைக் காப்பிக்கு மேல் குடிப்பதில்லை. உதடு வெடித்து ரத்தம் வந்தும் தாகமில்லை என்றே சாதித்தான். அந்த மனிதனைப் பார்த்துக்கொண்டிருக்க நோரீனுக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் முட்டை விற்க நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போவாள். ஒரு வியாழன் அங்கே காசு போட்டால் தண்ணீர் கொட்டும் எந்திரத்தின் முன் டிரக்கை நிறுத்தி, கோழித் தீவனம் வாங்கும் பீப்பாயில் ஐம்பத்தைந்து கேலன் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

பாதை தொட்டிக்கு மேலே மேட்டில் போகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஹார்லன் தூங்குவான். கூரை பறந்தாலும் எழுந்திருக்க மாட்டான், டிரக் சத்தத்துக்கு மட்டும் விழித்துவிடுவான். அவள் எஞ்சினை அணைத்து, சரிவில் டிரக்கைத் தானாக உருளவிட்டு நிறுத்தினாள். கதவைச் சாத்தாமல் இடுப்பால் அழுத்தி ஒட்டினாள். ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பீப்பாயிலும் மறுமுனையை மழைநீர் இறங்கும் வாயிலும் செருகினாள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஒரே ஒரு தடவை என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் அந்த ஞாயிறு, புட்டி அதிகம் ஏறவில்லை என்று கண்டதும் ஹார்லன் சமையலறைக்குள் ஓடிவந்து அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளையைத் தூக்கிச் சுற்றினால் அடுத்த வியாழக்கிழமை அவள் என்ன செய்வாள்? மறுபடியும் பீப்பாயை நிரப்பினாள்.

இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று நினைத்திருந்தாள். ஏப்ரல் மாதம் இரண்டு மைல் தள்ளி டேவினும் மரிசாவும் எட்டு மாதக் குழந்தையோடு குடிவரும்வரை அது உண்மையாகவும் இருந்தது.

டேவின் வந்த இரண்டாம் நாளே ஹார்லன் அவனைச் சமையலறைச் சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். "பார்த்துக்க. கோழி, மாதுளை எல்லாம் சேர்த்து நாளைக்கு எட்டு கேலன். ஆளுக்கு நாலு. ஜூலை மழை வரைக்கும் தொட்டி காஞ்சதே இல்ல." டேவின் சுவரைப் போனில் படம் பிடித்துக்கொண்டான். அதே அளவுத் தொட்டி வாங்கினான், அதே மாதிரி புட்டி கட்டினான், அதே அளவுக் கூரை போட்டான். போன வாரம் வந்து, தன்னுடைய தண்ணீர் டிரெய்லரை விற்கப் போவதாகச் சொன்னான். ஐநூறு கேலன் பிடிக்கும், சக்கரம் வைத்த டேங்க். "தொட்டியை ஒரு தடவை நிரப்பியாச்சு, இனிமே அது எதுக்கு? அடுத்த வாரம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆள் வர்றான்." ஹார்லன் அவன் முதுகில் ஓங்கித் தட்டிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து நோரீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு, இல்லாத தண்ணீரை நம்பி, தண்ணீர் கொண்டுவர இருக்கிற ஒரே டேங்கையும் விற்கிறார்கள். அவளுடைய பீப்பாயை நம்பி. வாயைத் திறந்து சொன்னால் ஹார்லன் ஆறு வருடம் கட்டியது ஒரே நாளில் விழும். அவனும் விழுவான். யோசித்து யோசித்துக் கோழைத்தனமான ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். ஒரு வியாழன் தண்ணீர் ஊற்றாமல் விடுவது. தன் வாய் சொல்லாததைப் புட்டி சொல்லட்டும் என்று நினைத்தாள்.

புட்டி சொல்லத்தான் சொன்னது. ஹார்லன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. தண்ணீர் போதவில்லை என்று அவன் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. தொட்டியில் ஓட்டை என்று நினைத்தான்.

திங்கட்கிழமை தொட்டியைச் சுற்றி முழங்கால் ஆழம் தோண்டினான். ஈரம் இல்லை. வீட்டுக்கு வரும் குழாயை அறுபது அடி நீளத்துக்கும் வெளியே எடுத்தான். அதுவும் காய்ந்து கிடந்தது. நான்கு நாளாக மேற்கேயிருந்து காற்று நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் ஊளையிட்டது, தட்டில், படுக்கையில், பல்லுக்கிடையில் எல்லாம் மண். மலைக்கு மேல் மேகம் கூடும், சாயங்காலம் கலைந்துபோகும். கோழிகள்கூட முட்டையிட உட்காராமல் சுற்றிச் சுற்றி வந்தன.

"உள்ள வந்து ஏதாவது சாப்பிடு, ஹார்லன்."

"சத்தம் போடாத." அவன் தொட்டிச் சுவரில் காதை வைத்திருந்தான். "சொட்டுற சத்தம் கேக்குதான்னு பாக்குறேன்."

"அது காத்து."

"காத்து எப்படிச் சொட்டும்?"

செவ்வாயன்று நோரீன் ஒரு டஜன் முட்டையை எடுத்துக்கொண்டு மரிசாவைப் பார்க்கப் போனாள். மரிசா வாசலில் வாளி வைத்துக் குழந்தைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

"மரிசா, அந்த டிரெய்லரை இப்ப விக்காதீங்க. மழை வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் சொன்னா டேவின் எங்க கேக்குறான்? உள்ள வந்து பாருங்க, உங்க வீட்டுச் சுவரை அப்படியே எங்க வீட்டுல எழுதி வச்சிருக்கான்." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நோரீன், ஒண்ணு கேக்கட்டுமா? ஆளுக்கு நாலு கேலன்ல நீங்க எப்படித்தான் சமாளிக்கிறீங்க? பாப்பா துணி மட்டுமே நாலு கேலன் குடிக்குது. ஒரே தண்ணியில ரெண்டு தடவை அலசுறேன். டேவின் ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா தினமும் புட்டியைப் பாக்குறான். எனக்குத்தான் சாமர்த்தியம் பத்தல போல."

தொட்டிலில் குழந்தை இனெஸ் சிணுங்கினாள். தொடையிடுக்கில் சிவப்பாகத் தடித்திருந்தது. நோரீனுக்கு மானம் போனது. சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள். "தேங்காய் எண்ணெய் தடவு" என்றுதான் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு டிரக் ஓட்டினாள்.

வியாழன் வந்தது. ஹார்லன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடியும் அரைக் கோப்பைக் காப்பிக்கு வந்துவிட்டான். டவுனில் அந்த எந்திரத்தைத் தாண்டிப் போனவள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பீப்பாயை நிரப்பினாள். இந்த ஒரு தடவை ஊற்றிவிட்டால் அவன் முகம் தெளியும், பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மேட்டுக்கு வந்து பார்த்தால், தூங்க வேண்டிய ஹார்லன் கொளுத்துகிற வெயிலில் தொட்டி மேல் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தான். அவள் நிற்காமல் வீட்டுக்கு ஓட்டினாள். தண்ணீர் டிரக்கிலேயே தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது, வெள்ளிக்கிழமை முழுக்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹார்லன் முடிவெடுத்தான். "உள்பக்கம் அடியில எங்கயோ விரிசல். தொட்டியைக் காலி பண்ணி உள்ள இறங்கிப் பூசினாத்தான் ஆகும். குழி வெட்டி தார்ப்பாய் விரிச்சு, தண்ணியை அதுல எடுத்து வைக்கிறேன். டேவின் காலையில வந்து கை கொடுக்கிறேன்னான்."

"இந்த வெயில்ல, இந்தக் காத்துல, திறந்த குழியிலயா? பாதி ஆவியாப் போயிடும். மீதி தேனீக்கும் காட்டுப்பன்னிக்கும்."

"ஒழுகிப் போறதுக்கு ஆவியாப் போகட்டும்."

இருக்கிறதே ஒன்றரை அடித் தண்ணீர். மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இல்லாத ஓட்டையை அடைப்பதற்காக இருக்கிற தண்ணீரைக் கொட்டப் போகிறான்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு டேவின் வந்தான். வண்டிக்குப் பின்னால் டிரெய்லரையும் கட்டி இழுத்து வந்திருந்தான். வேலை முடித்து அப்படியே நெடுஞ்சாலையில் கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம். ஹார்லன் குழிக்குப் பக்கத்தில் பூச்சுக் கலவையைத் தயாராக வைத்துவிட்டு, பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தொட்டியடி வால்வின் முன் மண்டியிட்டான்.

"ஹார்லன், அந்த வால்வைத் தொடாத" என்றாள் நோரீன்.

"ஏன், உனக்கு வேற யோசனை இருக்கா?"

"தொட்டி ஒழுகல."

"ஒழுகலன்னா தண்ணி எங்க போச்சு? நீயா குடிச்ச?"

"எங்கயும் போகல. வரல."

அவன் விளங்காமல் பார்த்தான். அவள் டிரக்கின் பின்பக்கம் ஏறி, முட்டைத் தட்டுகளை ஒதுக்கி, தார்ப்பாயை இழுத்துப்போட்டாள். பீப்பாயின் மூடியைத் திறந்து கையை விட்டு ஒரு கை தண்ணீரை வெளியே வாரினாள்.

"டவுன் தண்ணி. மூணு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒரு பேரல் ஊத்தினேன், நீ தூங்குறப்ப. போன வாரம் ஊத்தல. அதான் புட்டி ஏறிடுச்சு. நாம எட்டு கேலன் செலவு பண்ணல, ஹார்லன். பதினாறு பண்றோம்."

காற்று குழியில் விரித்த தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டேவின்தான் முதலில் பேசினான்.

"அப்ப அந்தச் சுவர்ல இருக்கிறது?"

"பொய். என் பொய், அவரோடது இல்ல. டிரெய்லரை விக்காத, டேவின்."

"எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்." அவன் டிரெய்லர் பக்கம் திரும்பினான். "மரிசா ராத்திரியெல்லாம் அழுறா. நான்தான் உனக்குச் சிக்கனமே தெரியலன்னு சொல்லிட்டேன்."

"சொல்லியிருக்கணும். தப்புதான். மரிசாகிட்ட நானே வந்து சொல்றேன்."

ஹார்லன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். எழுந்தான். அவளை ஏறிட்டுப் பார்க்காமல் காய்ந்த ஓடையின் வழியே மலைப்பக்கம் நடந்தான். தொப்பி குழியோரம் கிடந்தது. அவன் வெயிலில் தொப்பி இல்லாமல் போய் அவள் பார்த்ததேயில்லை.

டிரெய்லரை வாங்க வருகிறவனுக்கு டேவின் அங்கேயே போன் செய்து வரவேண்டாம் என்றான். பிறகு டிரெய்லரை இழுத்துக்கொண்டு டவுன் பக்கம் போனான். மத்தியானம் அது ததும்பிக்கொண்டு வீட்டுப்பக்கம் திரும்புவதை நோரீன் மேட்டிலிருந்து பார்த்தாள். அந்த ஒரு காரியம் சரியாயிற்று. மற்றது ஆகவில்லை. அவள் கோழிக்குத் தீனி வைத்தாள், வைத்த தீனியை மறந்து மறுபடியும் வைத்தாள், வாசலுக்கும் ஓடைக்கரைக்குமாக நடந்தாள். போனவன் திரும்பி வந்து, இந்த இடத்தை விற்றுவிடலாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். முள்ளும் மண்ணும் சைக்கிள் துவையலும் அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை என்றுதான் இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறாள். போய்விடுமோ என்று வந்தபோதுதான் இதை விட மனசில்லை என்று தெரிந்தது.

நான்கு மணிக்கு வந்தான். முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. நேரே சமையலறைக்குப் போய்ப் பென்சிலை எடுத்தான்.

"எந்தெந்த வியாழக்கிழமை?"

"எல்லா வியாழக்கிழமையும். மழைக்காலத்துல டிரக் அச்சு முறிஞ்ச அந்த ரெண்டு வாரம் தவிர."

அவன் சுவரில் ஒவ்வொரு ஞாயிறாகப் போனான். எழுதியதன் பக்கத்தில் சரியான எண்ணை எழுதினான். ஒரு மணி நேரம் பென்சில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் மூன்று இடத்தில் வட்டம் போட்டான்.

"மே மாசம் ரெண்டாம் வாரம்" என்றான். "மூணு வருஷமும் மே ரெண்டாம் வாரத்துல காஞ்சிருக்கணும்."

"ஆமா."

"தொட்டியில ஓட்டை இல்ல."

"இல்ல. நல்லாத்தான் கட்டியிருக்க."

"தண்ணிதான் இல்ல."

"தண்ணிதான் இல்ல, ஹார்லன்."

அவன் பென்சிலை மேசையில் வைத்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், நான்கு நாளும் பேச்சில்லை. ஞாயிறன்று தொட்டிப் பக்கம் போகவில்லை. அவளே போய்ப் பார்த்து வந்து எண்ணை எழுதினாள். துவைக்கும் எந்திரத்தைப் பிரித்துப்போட்டான், திரும்ப மாட்டினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விசிறியைக் கழற்றினான். சாப்பாட்டு மேசையில் பீன்ஸைத் தள்ளித் தள்ளி வைத்தான். கத்தினாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் என்ன முடிவெடுக்கிறான் என்று தெரியாமல் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

வியாழக்கிழமை காலை முட்டைத் தட்டுகளோடு வெளியே வந்தவள் நின்றுவிட்டாள். டிரக்கில் ஒன்றுக்கு இரண்டு பீப்பாய்கள் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. ஹார்லன் முன்சீட்டில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஏறு. நேரமாச்சு" என்றான்.

நாற்பது மைலும் அவள்தான் ஓட்டினாள். எந்திரத்தின் முன்னால் அவன் இறங்கி, எங்கே காசு போடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பக்கத்துத் தீவனக் கடைக்காரி தலையை நீட்டி, "என்ன நோரீன், இன்னிக்கு ரெண்டு பேரலா? கெஸ்டா?" என்று கூவினாள். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவனும் கையாட்டினான். ஹார்லனுக்குக் காது வரை சிவந்தது.

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாது."

"நீ தூங்கிட்டிருந்த."

அவன் உறுமினான். ஆனால் குழாயைத் தானே பிடித்து இரண்டையும் நிரப்பினான். வேண்டுமென்றே தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டான், ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

திரும்பி மேட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. மூன்று வருடப் பழக்கம். அவள் கை தானாகப் போய் எஞ்சினை அணைத்தது. டிரக் சத்தமில்லாமல் சரிவில் உருண்டு, வழக்கமான கல்லின் பக்கத்தில் நின்றது. அவள் இறங்கி, கதவைச் சாத்தாமல் இடுப்பால் அழுத்தி ஒட்டினாள்.

ஹார்லன் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கல்லைப் பார்த்தான். அதன் பக்கத்தில் மூன்று வருடமாகச் சக்கரம் பதிந்த தடத்தைப் பார்த்தான். அவள் இடுப்பைப் பார்த்தான்.

"எல்லாத் தடவையும் இப்படித்தானா?"

"சத்தம் கேட்டா நீ எழுந்திரிச்சிடுவியே."

அவன் சுற்றி வந்தான். அவள் ஒட்டி வைத்த கதவை அகலமாகத் திறந்தான். பிறகு தோளைக் கொடுத்து, டிரக்கே ஆடும்படி ஓங்கி அறைந்து சாத்தினான். கீழே கோழிகள் அலறிக்கொண்டு நாலா பக்கமும் சிதறின.

"இனிமே இப்படிச் சாத்து" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த ரப்பர் குழாயை வாங்கிக்கொண்டான்.